சரக்கு வராத விலை

2021 ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் ஊசி மருந்து விற்பதற்காக ஒரு கவுன்ட்டர் திறந்தார்கள். விற்றது அரசு நிறுவனமான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஆறு குப்பி ஏறத்தாழ 9,400 ரூபாய். மருத்துவரின் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, ஆதார் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளிமாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து முதல்நாள் இரவே இடம்பிடித்தார்கள். அதே நாட்களில் அதே மருந்தின் ஒற்றைக் குப்பியைப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று விற்றவர்களைக் காவல்துறை அடுத்தடுத்துக் கைது செய்துகொண்டிருந்தது. பிடிபட்டவர்களில் மருத்துவர்களும் மருத்துவமனை ஊழியர்களும் இருந்தார்கள்.

பிணத்தின் மேல் லாபம் பார்க்கிறார்கள் என்று அன்று ஊரே கொதித்தது. கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை அங்கேயே விட்டுவிட்டால் அடுத்த தட்டுப்பாட்டிலும் நாம் இதே வரிசையில்தான் நிற்போம். ஆகவே ஒரு எளிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு போக விரும்புகிறேன். ஒரு குப்பிக்குக் கொடுக்கப்பட்ட அந்த இருபதாயிரம் ரூபாய், நாட்டில் இருந்த மொத்தக் குப்பிகளோடு புதிதாக ஒன்றையாவது சேர்த்ததா? சேர்த்திருந்தால் அந்த விலைக்காக வாதாட ஏதோ இருக்கிறது. சேர்க்கவில்லையென்றால் அது ஒருவர் கையிலிருந்து பிடுங்கி இன்னொருவர் பையில் போட்டது மட்டுமே.

விலையேற்றத்துக்காக வாதாடுகிற பொருளியலாளர்களை மனிதத்தன்மையற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் சொல்வதில் இரண்டு வலுவான செய்திகள் உண்டு. ஒரு ஊரில் தட்டுப்பாடு வந்து விலை ஏறினால், விலை ஏறாத ஊரில் சரக்கு வைத்திருப்பவர் லாரியைத் திருப்புவார். நேற்றுவரை அந்தத் தொழிலில் இல்லாதவர்கூட இன்று உற்பத்தியில் இறங்குவார். இது முதலாவது. விலை பழையபடியே இருந்தால் முதலில் வந்தவர் தேவைக்கு மேல் அள்ளிக்கொண்டு போவார், பின்னால் வந்தவருக்கு வெறும் அலமாரிதான் மிஞ்சும். விலை ஏறினால் ஒவ்வொருவரும் யோசித்து வாங்குவார்கள். இது இரண்டாவது. சிறு கடைக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய விலைக்கு வாங்கிய மூட்டையைப் பழைய விலைக்கே விற்றுவிட்டால், மறுநாள் மண்டியில் புதிய விலைக்குச் சரக்கெடுக்க அவர் கையில் முதல் இருக்காது.

மக்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் கனடாவில் தொலைபேசி வழியாக நடத்திய ஆய்வை 1986இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு கேள்வி: பனி அள்ளும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்றுவந்த ஒரு கடைக்காரர், பெரும் பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் 20 டாலராக ஏற்றுகிறார். இது நியாயமா? பதில் சொன்னவர்களில் 82 விழுக்காட்டினர் அநியாயம் என்றார்கள். அதே மக்கள், கடைக்காரருக்கே கொள்முதல் விலை ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தை வாங்குபவர்மேல் வைப்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆக, விலை ஏறுவதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அடக்கவிலை ஏறாதபோது, வாங்குபவரின் தவிப்பை மட்டும் காரணமாக வைத்து ஏற்றுவதைத்தான் தப்பு என்றார்கள். கிராமத்துச் சந்தையில் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரக்கைக் கொண்டுவரும் விலை, கொண்டுவராத விலை என்ற வேறுபாட்டை ஏட்டில் பேசுவது எளிது. தமிழ் நிலத்தில் அது ஒருமுறை மிகக் கொடூரமாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்னது அதைத்தான்.

1876இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. பல்லாரி, கர்நூல், கடப்பை தொடங்கி வடஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர் வரை புன்செய்ப் பயிர் கருகியது. தானிய விலை மடங்கு கணக்கில் ஏறியது. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன், அர்பத்நாட் கம்பெனி வழியாக வெளியில் தெரியாமல் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். விலை கட்டுக்கடங்காமல் போனால் அரசின் கையில் கொஞ்சம் சரக்கு இருக்கட்டும் என்ற சாதாரணமான முன்யோசனைதான் அது. கல்கத்தாவிலிருந்த இந்திய அரசு அதைக் கடுமையாகக் கண்டித்து, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று தடுத்தது. அரசு சந்தையில் இறங்கினால் தனியார் வியாபாரி பயந்து ஒதுங்கிவிடுவார், அவர் கொண்டுவரவிருந்த தானியமும் வராமல் போய்விடும் என்பது வைஸ்ராய் லிட்டன் தரப்பின் வாதம்.

இந்த வாதத்தின் வேர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதியதில் இருக்கிறது. தானிய வியாபாரி விலையை ஏற்றுவதன் வழியாக, விளைச்சல் குறைந்த ஆண்டில் மக்களைத் தொடக்கத்திலிருந்தே சிக்கனமாகச் சாப்பிட வைக்கிறான். கப்பலில் உணவு குறைந்துவிட்டது என்று தெரிந்த கேப்டன் மாலுமிகளின் பங்கைக் குறைப்பதைப் போன்றது அது என்று ஸ்மித் விளக்கினார். அந்தக் காலத்து இந்திய அதிகாரிகளுக்கு அது வேதவாக்காக இருந்தது. பொருளாதார வரலாற்றாளர் எஸ். அம்பிராஜன் 1978இல் வெளியிட்ட நூல், செவ்வியல் பொருளியல் கோட்பாடுகள் இங்கிருந்த நிர்வாகத்தின் முடிவுகளில் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருந்தன என்பதை ஆவணங்களைக் கொண்டே விரிவாக ஆராய்கிறது.

லிட்டன் தரப்பு சொன்னபடி தனியார் வியாபாரம் நடக்கத்தான் செய்தது. இந்தப் பஞ்சத்தின் கோரம் அதில்தான் இருக்கிறது. விலையை நம்பி வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தானியம் சென்னைக்கு வந்தது. கடற்கரையில் மலைபோல் அடுக்கிய மூட்டைகளின் 1877ஆம் ஆண்டுப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. விலை சரக்கை இழுத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த விலை கொடுத்து வாங்க உள்மாவட்டத்துக் கூலிக்காரனிடம் காசு இல்லை. மழையில்லாததால் வயலில் வேலை இல்லை, வேலை இல்லாததால் கூலி இல்லை. மாடும் விலை போகவில்லை, ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை விற்க வந்தார்கள். ஸ்மித்தின் கப்பலில் கேப்டன் எல்லா மாலுமிகளுக்கும் சமமாகப் பங்கைக் குறைக்கிறார். சந்தை விலை அப்படிக் குறைப்பதில்லை. மேல்தட்டில் இருப்பவரின் தட்டில் ஒரு பருக்கையையும் தொடாமல், கீழே இருப்பவரின் தட்டையே காலியாக்கிவிடுகிறது. அமர்த்திய சென் 1981இல் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூலின் மையக் கருத்தும் இதுவே: உணவு இருப்பது வேறு, அதை வாங்கும் தகுதி ஒருவரிடம் இருப்பது வேறு.

பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த 1877 ஜனவரியில் வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைப்பவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கும் கொஞ்சம் சில்லறைக்கும் ஈடான கூலி போதும் என்று வைத்தார். ராத்தல் என்பது சுமார் 450 கிராம். இது உயிர்காக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் எதிர்த்துப் போராடினார். இதே டெம்பிள்தான் மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரசுச் செலவில் அரிசி இறக்கி, மிகக் குறைந்த சாவுகளோடு அதைக் கடந்தவர். அன்று அவரை ஊதாரி என்று ஏசினார்கள். அந்த ஏச்சைக் கழுவிக்கொள்ளவே சென்னையில் அவர் கஞ்சத்தனம் காட்டினார் என்று பல வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். 1876–78 பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். மனிதர் ஒருவர், முறைகள் இரண்டு, விளைவுகளும் இரண்டு. இவ்வளவு தெளிவான ஒப்பீடு பொருளாதார வரலாற்றில் அரிதாகத்தான் கிடைக்கும்.

அன்று விலை ஏற்றிய தானிய வியாபாரிகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த மாவட்டங்களின் ஒவ்வொரு மண்டிக்காரரும் மனம் திருந்தி நியாய விலைக்கு விற்றிருந்தாலும் கையில் காலணா இல்லாதவன் பிழைத்திருக்க மாட்டான். தனிமனிதப் பேராசையை மட்டும் பேசுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து மக்களே வேறு வகையில் தீர்ப்பு எழுதினார்கள். முதல் உலகப்போரால் கப்பல்கள் கிடைக்கவில்லை, பர்மா அரிசி வரத்து சுருங்கியது. துணியும் உப்பும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குப் போயின, 1918இல் மழையும் ஏமாற்றியது. அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் ஊர் ஊராகக் கடைவீதிகள் சூறையாடப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரத்திலேயே நடந்தது. டேவிட் அர்னால்ட் 1979இல் எழுதிய கட்டுரை இந்தக் கலவரங்களை ஆராய்கிறது. அதில் என் மனத்தில் தங்கியது கூட்டத்தின் ஒழுங்கு. பல இடங்களில் மக்கள் முதலில் வியாபாரியிடம் போய் இன்ன விலைக்குக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். கொடுத்தவர் கடை தப்பியது. சில இடங்களில் அதிகாரிகளே வியாபாரிகளைக் கூட்டி விலையைக் குறைக்கச் சொன்னார்கள். தட்டுப்பாட்டில் ஒரு நியாய விலை உண்டு, அதற்கு மேல் கேட்பவன் ஊரின் ஒப்பந்தத்தை மீறியவன் என்ற எண்ணம் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டிக்காகக் கிளம்பிய கூட்டங்களிலும் இதே எண்ணம் இருந்ததை ஈ. பி. தாம்ப்சன் 1971இல் எழுதிக் காட்டியிருந்தார்.

அடுத்த உலகப்போரில் பர்மா 1942இல் ஜப்பானியர் கைக்குப் போனது. மறு ஆண்டு வங்காளத்தில் நடந்த பேரழிவு உலகறிந்தது. சென்னை நகரத்துக்கு ரேஷன் வந்ததும் 1943இல்தான். போர்க்காலத்து அவசர விதிகளின் வழியாக வந்த விலைக்கட்டுப்பாடும் சரக்குக் கட்டுப்பாடும் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 1955இல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டமாக நிலைபெற்றன. பதுக்கலைப் பற்றி இந்தியாவில் யார் பேசினாலும் இன்றுவரை இந்தச் சட்டத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

இடையில் ராஜாஜி செய்த ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது என் வாதத்துக்கு எதிரானது போலத் தெரியும். 1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரான அவர், ஜூன் மாதமே அரிசி மீதான கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அதுவரை விவசாயியிடமிருந்து கட்டாயக் கொள்முதல், மாவட்டம் விட்டு மாவட்டம் நெல் கொண்டுபோகத் தடை, பெர்மிட், அதை வைத்து லஞ்சம் என்று ஒரு பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப்பாடே கள்ளச்சந்தையை வளர்க்கிறது என்பது அவர் கணிப்பு. விலை வானத்துக்குப் போகும், ஏழைகள் சாவார்கள் என்று எச்சரித்தவர்கள் பலர். அப்படி எதுவும் நடக்கவில்லை. பதுங்கிக் கிடந்த அரிசி கடைக்கு வந்தது. மற்ற மாநிலங்களும் மெல்ல மெல்ல அந்த வழியில் நடந்தன.

கட்டுப்பாட்டை விரும்பாதவர்கள் இந்த வெற்றியை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எடுத்துக்காட்டட்டும், உண்மைதான். ஆனால் முழு உண்மையில் இன்னும் இரண்டு பகுதிகள் உண்டு. மழை கைகொடுத்தது என்பது ஒன்று. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாயின் பின்னால் தானிய இருப்பு இருந்தது என்பது மற்றொன்று. தேவைப்பட்டால் அரசு சரக்கை இறக்கும் என்று வியாபாரிக்குத் தெரியும்போது, அவன் பதுக்கி வைத்துக் காத்திருப்பதில் லாபம் இல்லை. 1876இல் பக்கிங்ஹாம் கோமகன் செய்ய முயன்றதும் இதைத்தான். சுதந்திரமான சந்தையும் அரசின் கிடங்கும் ஒன்றுக்கொன்று பகை என்ற லிட்டனின் எண்ணத்தை 1952 பொய்யாக்கியது என்றே நான் படிக்கிறேன். கிடங்கு நிறைந்திருந்ததால்தான் சந்தையைத் துணிந்து திறந்துவிட முடிந்தது.

கிடங்கு இல்லாதபோது என்ன ஆகும் என்பதை அறுபதுகளின் நடுவில் கண்டோம். 1965–66இல் அரிசிக்கு ஏற்பட்ட தவிப்பு 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்திய காரணங்களில் ஒன்று. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அந்த வயிறுகளை நோக்கித்தான் சொல்லப்பட்டது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. குடும்ப அட்டை இருக்கும் எவருக்கும் அரிசி என்ற ஏற்பாடு இங்கே வேரூன்றிவிட்டது. அதனால்தான் புயலடித்தாலும் ஊரடங்கு போட்டாலும் தமிழ்நாட்டில் அரிசியை வைத்து யாரும் கொள்ளை லாபம் அடிக்க முடிவதில்லை. தக்காளியிலும் பாலிலும் தண்ணீர் கேனிலும் அடிக்கிறார்கள், அரிசியில் முடிவதில்லை. இந்த வேறுபாட்டை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

இனி 2020க்கு வரலாம். மார்ச் 13ஆம் தேதி மத்திய அரசு முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் அத்தியாவசியப் பொருட்கள் பட்டியலில் சேர்த்தது. ஒரு வாரம் கழித்து உச்ச விலை வைத்தது: மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், இரண்டடுக்கு 8 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய். தொடக்கத்தில் அந்த விலைக்குப் பல கடைகளில் சரக்கே இல்லை. ஆனால் முகக்கவசம் தைப்பது கடினமான வேலையல்ல. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வரை அதில் இறங்கின. சில மாதங்களில் சந்தையில் குவிந்துவிட்டது. ஜூலை 1 முதல் அரசு அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பொருளியலாளர்கள் சொல்வது நடக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி. யார் வேண்டுமானாலும் உற்பத்தியில் இறங்கக்கூடிய பொருளில், தட்டுப்பாட்டு விலை சிறிது காலமே நிற்கும். அதுவே தன்னை அழித்துக்கொள்ளும் சரக்கையும் வரவழைக்கும்.

ரெம்டெசிவிர் அப்படிப்பட்ட பொருள் அல்ல. காப்புரிமை அமெரிக்க நிறுவனமான கிலியட் கையில் இருந்தது. இந்தியாவில் ஏழு நிறுவனங்களுக்குத்தான் தயாரிக்க உரிமம். 2021 தொடக்கத்தில் தொற்று தணிந்ததால் அவை உற்பத்தியைக் குறைத்திருந்தன. மூலப்பொருள் வாங்கி, தயாரித்து, பரிசோதித்துக் குப்பி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபோது நாட்டின் மாதாந்திரத் திறன் 38 லட்சம் குப்பி அளவில் இருந்தது. அது சில வாரங்களில் ஒரு கோடியைத் தாண்டியது உண்மை. ஆனால் அரசு புதிய உற்பத்திக்கூடங்களுக்கு விரைவாக அனுமதி கொடுத்ததாலும் ஏற்றுமதியைத் தடுத்ததாலும் நிறுவனங்கள் மீண்டும் முழுவீச்சில் இறங்கியதாலும் நடந்தது அது. கள்ளச்சந்தையின் இருபதாயிரம் ரூபாய் அதற்கு ஒரு பைசாவும் உதவவில்லை. உதவவும் முடியாது. தயாரிப்பாளருக்குப் போனது அச்சிட்ட விலைக்கு உட்பட்ட பணம்தான். அதற்கு மேலே இருந்த பதினைந்தாயிரமும் பதினெட்டாயிரமும் நடுவில் நின்றவரின் பையில் தங்கிவிட்டது. தொழிற்சாலையின் காதுக்கே எட்டாத விலை எப்படி உற்பத்தியைக் கூட்டும்?

என் கேள்விக்கு இதுதான் பதில். கூடுதல் பணம் சரக்கைத் தயாரிப்பவரையோ தூரத்திலிருந்து ஏற்றிவருபவரையோ சென்று சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால், ஏறிய விலை வலித்தாலும் அது வேலை செய்கிறது. சேராவிட்டால் அதை விலை என்றே அழைக்க எனக்கு மனமில்லை. மருத்துவமனை அலமாரியிலிருந்து எடுத்த குப்பி வெளியே விற்கப்பட்டபோது ஒரு படுக்கைக்குப் போகவிருந்த மருந்து இன்னொரு படுக்கைக்குப் போனது, அவ்வளவே. சில சமயம் அதுகூடப் போகவில்லை. குஜராத்தில் குளுக்கோஸும் உப்பும் கலந்து அடைத்த போலிக் குப்பிகளைக் காவல்துறை பிடித்தது. விலை சரக்கை இழுக்கும் என்பது இங்கே எவ்வளவு பயங்கரமான அர்த்தத்தில் நிறைவேறிவிட்டது!

சட்டபூர்வமான விலையையும் கொஞ்சம் பார்ப்போம். ஸைடஸ் காடிலாவின் குப்பி 2,800 ரூபாயாக இருந்து 899க்கு இறங்கியது. ஏப்ரல் 17ஆம் தேதி, அரசு தலையிட்ட பிறகு, மற்ற நிறுவனங்களின் குறைந்த விலைகளும் வெளியாயின. டாக்டர் ரெட்டீஸ் 5,400லிருந்து 2,700, ஹெட்டெரோ 5,400லிருந்து 3,490, சிப்லா 4,000லிருந்து 3,000. இவ்வளவு இறக்க முடிந்த விலை அதற்கு முன் எதை அடிப்படையாகக் கொண்டு நின்றது? அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் குற்றம் என்று நம் சட்டம் சொல்கிறது. அச்சிடும் விலையை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்பதில் பல பொருட்களுக்கு அது வாய் திறப்பதில்லை. ஆக்ஸிஜன் செறிவூட்டிகளில் இது அப்பட்டமாக வெளிப்பட்டது. விநியோகஸ்தர் நிலையில் லாபம் 198 விழுக்காடு வரை போனதைக் கண்டு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2021 ஜூன் தொடக்கத்தில் 70 விழுக்காட்டு உச்சவரம்பு போட்டது. அந்த ஜூனில் அலை தணியத் தொடங்கிவிட்டது. செறிவூட்டிக்காக நகையை அடகு வைத்தவர்கள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வைத்துவிட்டிருந்தார்கள்.

இதில் இன்னொரு வேதனை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ரெம்டெசிவிர் குறைத்ததாகத் தெரியவில்லை என்ற முடிவு 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. நவம்பரில் அந்த நிறுவனம் மருத்துவமனை நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. ஐந்து மாதம் கழித்து இங்கே வீட்டுக்கு வீடு அந்தச் சீட்டு எழுதப்பட்டது. தட்டுப்பாட்டில் பாதியைச் சீட்டெழுதிய பேனாவும் பயமும் உண்டாக்கின. தேவை என்பது எப்போதும் தானாக முளைப்பதில்லை. அதே நோக்கில் 2020 ஏப்ரல் 24ஆம் தேதியையும் பார்க்கலாம். சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதியிலிருந்து நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மறுநாள் கடைவீதிகளில் மக்கள் முண்டியடித்தார்கள், காய்கறி விலை எகிறியது. கோயம்பேட்டில் தொற்று பரவி சந்தையே மே முதல் வாரத்தில் மூடப்பட்டது. அந்த ஒருநாள் விலையேற்றத்துக்குத் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரரை மட்டும் குற்றவாளியாக்கினால் நியாயமாகாது. அறிவித்த விதமே பாதிக் காரணம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விலைக்குப் பதிலாக வரிசை என்பதும் இலவசமான வழியல்ல. கீழ்ப்பாக்கத்தில் நின்றவர்கள் பணத்துக்குப் பதிலாக நேரத்தையும் உடல்நலத்தையும் கொடுத்தார்கள். வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வந்தவர்கள், நோயைச் சுமந்துகொண்டே வந்தவர்கள் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். நிற்கக் காலும் அனுப்ப ஆளும் இல்லாத வயதானவர் அங்கே தோற்றுத்தான் போவார். மே நடுவில் விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள், கூட்டம் இன்னும் பெருகியது. பிறகுதான் வழி மாறியது. தனியார் மருத்துவமனைகள் இணையதளத்தில் நோயாளியின் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும், மருந்து மருத்துவமனைக்கே போகும் என்று ஏற்பாடானது. அன்றோடு தெருவில் வரிசை இல்லாமல் போனது. பணத்தாலும் பங்கிடாமல் கால்வலுவாலும் பங்கிடாமல் தேவையைப் பார்த்துப் பங்கிடுவதற்கு இது ஒரு தொடக்கம். மூன்று வாரம் முன்பே இதைச் செய்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கைது நடவடிக்கை, குண்டர் சட்டம் என்பவை நம் ஊடகங்களுக்கு விருப்பமான செய்திகள். தேவையும்தான், மருத்துவமனை அலமாரியில் கைவைத்தவரைச் சும்மா விட முடியாது. ஆனால் உச்ச விலையை மட்டும் அறிவித்துவிட்டுச் சரக்கு இறக்காமல் இருந்தால் பொருள் அலமாரியிலிருந்து மறைந்து பின்வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பலன். 2020இல் நாடாளுமன்றம் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தைத் தளர்த்தியபோது, அழுகும் பொருளின் விலை 100 விழுக்காடும் அழுகாத பொருளின் விலை 50 விழுக்காடும் ஏறினால்தான் இருப்புக்கு வரம்பு விதிக்கலாம் என்று எழுதினார்கள். விவசாயிகளின் போராட்டத்தால் மறு ஆண்டு மற்ற இரண்டு வேளாண் சட்டங்களோடு அதுவும் திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அந்த ஏற்பாட்டில் உறுத்திய இடம் வேறு. விலை இரட்டிப்பாகும்வரை காத்திருக்கும் அரசு, கிடங்கை நிரப்பும் காலத்தைக் கடந்துவிட்ட பிறகுதான் கண் விழிக்கும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. நகரத்தின் மொத்தத் தேவையோடு பார்த்தால் அது சிறு அளவு. ஒரே வாரத்தில் சந்தை விலை சரிந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், சரியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பால் வரத்து தடைபட்டபோது, அச்சிட்ட விலைக்கு மேலே பால் பாக்கெட் விற்றவர்களைத் தடுக்க அந்த நாட்களில் சட்டம் மட்டும் போதவில்லை. தக்காளியும் பாலும் நெல்லைப் போல் அடுக்கிவைக்கக் கூடியவை அல்ல. அந்தப் பொருட்களுக்குக் கிடங்கு என்பதன் அர்த்தம் வேறு: விவசாயிகளோடு முன்கூட்டிய கொள்முதல் ஒப்பந்தம், தண்ணீர் ஏறாத இடத்தில் பால் பதப்படுத்தும் ஆலை, பக்கத்து மாவட்டத்திலிருந்து வண்டி திருப்பும் ஏற்பாடு. பருவமழைக்கு முன் கால்வாய் தூர்வாருவதைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறோம். இவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மருந்துக்கோ இதைச் செய்யக்கூடிய அமைப்பு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. டெண்டர் வழியாக மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்து, தம் ஊரில் இதைப் போலவே அமைத்துக்கொண்டன. அதன் கிடங்கு அரசு மருத்துவமனைகளின் தேவைக்கானது. 2021இல் தனியார் மருத்துவமனையில் படுத்திருந்தவருக்காக அது ஒரே ஒரு கவுன்ட்டரைத் திறந்தபோது, அந்தக் கவுன்ட்டர் மாநிலம் முழுவதன் பாரத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. உயிர் காக்கும் மருந்துகளும் ஆக்ஸிஜன் கருவிகளும் எவையெவை என்று மருத்துவ ஆதாரத்தின்படி ஒரு பட்டியல், தனியார் நோயாளிகளுக்கும் சேர்த்து அவற்றின் அவசர இருப்பு, தொற்று தணிந்த மாதங்களிலும் தயாரிப்பாளர் இயந்திரத்தை நிறுத்தாமல் இருக்க அரசின் உறுதியான கொள்முதல் ஆணை, மருத்துவமனை வழியாக மட்டுமே விநியோகம்: இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். மாநில பட்ஜெட்டில் ஒரு தலைப்பு வேண்டும். காலாவதித் தேதி வந்து வீணாகும் குப்பிகளைக் காட்டித் தணிக்கைத் துறை கேள்வி கேட்கும். பீகாரில் மிஞ்சிப்போன அரிசியைக் காட்டி டெம்பிளைக் கேட்டதைப் போலவே கேட்கும். அந்தக் கேள்விக்குச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று, ஆம், வீணானது, வீணாவதற்காகவே வாங்கினோம் என்று சொல்லத் துணியும் ஓர் அமைச்சர் நமக்கு வேண்டும்.